பல்லிப் பெட்டிக்கு நான்கு கன்று

புத்தூரில் வீதியோரம் எங்கள் வளவு. முன்பக்கம் நான் பூங்கன்று வைத்து விற்கிறேன். பின்பக்கம் தோட்டம். அது என் கணவரின் பாடு. பருத்தித்துறை பஸ்ஸில் போகிறவர்கள் கண்டுவிட்டு இறங்குவார்கள். ரோசா கேட்பார்கள், மல்லிகை கேட்பார்கள், புது வீட்டுக் குடிபூரலுக்குக் கொடுக்கச் சாடியோடு ஏதாவது கேட்பார்கள். பல்லிக்கு என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

அப்படிக் கேட்டு வந்தவர் பஸ்ஸால் இறங்கும்போதே பார்த்தேன். இடது காலை இழுத்து இழுத்து வந்தார். கையில் பொல்லு. நாற்பத்தைந்து வயது இருக்கும். தோளும் நெஞ்சும் நல்ல உழைப்பாளியுடையவை. கன்று வாங்க வருகிறவர்கள் பூவைப் பார்ப்பார்கள். இவர் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"அக்கா, பல்லி இருக்கிற பெட்டிக்குள்ளை வைக்கக் கண்டு வேணும்" என்றார்.

"என்ன பெட்டி?"

"பல்லிப் பெட்டி."

வெங்காயத்தைப் பிடி கட்டிக்கொண்டிருந்த என் கணவர் தலையை நிமிர்த்தினார்.

"பல்லிக்கோ? தம்பி, எங்கடை குசினிச் சுவரிலை பதினைஞ்சு நிக்குது. ஒண்டும் இதுவரைக்கும் மரம் கேட்டதில்லை. வேணுமெண்டால் அதுகளையும் கொண்டுபோம்."

அவர் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. போனை எடுத்துப் படம் காட்டினார். வாழைக் குருத்துப் பச்சையில் ஒரு பல்லி. முதுகில் குங்குமம் தெளித்த மாதிரிச் சிவப்புப் புள்ளிகள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மூங்கில் தடியில் தலைகீழாக நின்றது. மடகஸ்கார் தீவில் உள்ள இனமாம். கொழும்பில் ஒருவர் குஞ்சு பொரிக்க வைத்து விற்கிறாராம். தங்கச்சியின் கணவர் அங்கே வேலை செய்கிறார். அவர் வாங்கி அனுப்பினாராம்.

"பேர் என்ன வைச்சிருக்கிறீர்?" என்று என் கணவர் கேட்டார்.

"பல்லி எண்டுதான்."

"கூப்பிட்டால் வருமோ?"

"இல்லை அண்ணை. கூப்பிட்டால் ஓடும்."

என் கணவர் சிரித்துவிட்டார். உள்ளே போய்க் கதிரை கொண்டுவந்து போட்டார்.

வந்தவர் குருநகர் ஆள். கடலட்டை எடுக்கச் சுழியோடுகிறவர். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரப்பட்டுக் கெதியாக மேலே வந்துவிட்டார். அமுக்கம் மாறினதில் அன்றோடு கால் விளங்காமல் போனது. வீட்டில் இருந்து மூன்று வருடம். அதை ஒரு வசனத்தில் சொன்னார். பல்லியைப் பற்றித்தான் நீளமாகச் சொன்னார்.

முதலும் ஒன்று வைத்திருந்தாராம். இந்த இனம் தட்டில் தண்ணீர் வைத்தால் குடிக்காது. இலையில் நிற்கிற துளியை நக்கித்தான் குடிக்கும். அதனால் யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு கன்று வாங்கி உள்ளே வைத்தார். கிள்ளினால் பால் வருகிற சாதி. ஒன்பதாம் நாள் பல்லி செத்தது. பாலாலா, வேறு ஏதாவதாலா, தெரியாது.

"இது ரெண்டாவது அக்கா. மனிசி சொல்லிப்போட்டா. இதுவும் செத்தால் பெட்டியைத் தூக்கிக் கடலுக்கை எறிவாவாம்."

"எறிவாவோ?"

"அவ சொன்னால் செய்வா." போனில் இருந்த படத்தைத் திரும்பப் பார்த்தார். "இப்ப பெட்டியிலை தடி மட்டும்தான். கண்ணாடியிலை தண்ணி அடிச்சுக் குடுக்கிறன். அது காணாது, தாகம் தீருதில்லை. நிறம் மங்குது. கண்டு வைக்கத்தான் வேணும். ஆனால் பிழையான கண்டு வைக்கக் கூடாது. இன்னொருக்கால் ஏலாது."

இன்னொருக்கால் ஏலாது என்றதை மனைவிக்குப் பயந்து சொன்னதாகத்தான் நான் அப்போது எடுத்தேன்.

போனில் இரண்டு பட்டியல் வைத்திருந்தார். ஆங்கிலம். எனக்கு ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அவரும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பெயர்களை விட்டுவிட்டுப் படங்களை வைத்துப் பார்த்தோம். படத்தில் உள்ளதும் என்னிடம் உள்ளதும் ஒன்றா என்று சில கன்றுகளில் பிடிபடவில்லை. நான் எனக்குத் தெரிந்த வழியில் போனேன். ஆடு தின்னுமா என்று யோசித்தேன்.

"அக்கா, பல்லி ஆடில்லை" என்றார்.

"தெரியும். ஆட்டுக்குக் கூடாதது பல்லிக்கும் கூடாது எண்டு வைப்பம். ஆட்டுக்கு நல்லது பல்லிக்கு நல்லதோ தெரியாது. அதுக்குத்தான் உம்மடை போன்."

அது அவருக்குச் சரியாகப் பட்டது. இரண்டு பக்கமும் தேறினால்தான் எடுப்பது என்று வைத்துக்கொண்டோம்.

அரளியை முதலில் விலக்கினேன். அதற்கு ஆடும் தேவையில்லை, போனும் தேவையில்லை. குரோட்டன் வரிசை முழுவதும் விலக்கினேன். வெள்ளைப் புள்ளி விழுந்த அகல இலைக் கன்று ஒன்று உண்டு. எங்கள் ஆடு ஒருமுறை அதைக் கடித்துவிட்டு ஒரு பகல் முழுக்க வாயால் நுரை விட்டது. அதுவும் போனது. அந்தூரியத்தைப் பார்த்து ஆசைப்பட்டார். சிவப்புப் பூ, பல்லியின் புள்ளியோடு சேரும் என்றார். அதுவும் நாக்கு வீங்க வைக்கிற சாதிதான். தரமாட்டேன் என்றேன். மணி பிளான்ட் ஒரு பட்டியலில் நல்ல பக்கத்தில் இருந்தது, இன்னொன்றில் கூடாத பக்கத்தில் இருந்தது.

"அப்ப என்ன செய்யிறது?"

"பட்டியல் ரெண்டும் சண்டை பிடிக்கிற கண்டை விடும்."

கற்றாழையை ஒடித்துக் காட்டினேன். மஞ்சளாக வடிந்தது. அவரே தலையாட்டிவிட்டு அப்பால் போனார்.

கடைசியில் நான்கு நின்றன. மருள் ஒன்று. இலை தடித்து நிமிர்ந்து நிற்கும், பல்லியின் பாரத்தைத் தாங்கும். கிணற்றடி நிழலில் நின்ற, சீப்புப் பல் மாதிரி இலையுள்ள சின்னப் பன்னம் ஒன்று. புல்லு மாதிரி நீண்ட இலையில் ஓரம் வெள்ளைக் கோடு போட்ட கன்று ஒன்று. நுனியில் குஞ்சு குஞ்சாகத் தொங்கும். நான்காவது, வேர் பிடித்த செவ்வரத்தைத் தடி, செம்பருத்தி என்பார்களே அது. அதன் பூவைப் பல்லி தின்கிற படமே போனில் இருந்தது. நாங்கள் தலைக்கு வைக்கிற இலை, தேத்தண்ணி போடுகிற பூ. எனக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

பெட்டியின் அளவைக் கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத் தங்கூசி எடுத்தார், மீன் தூண்டிலுக்குப் போடுகிற அந்த நைலோன் நூல். மூன்று முடிச்சு. நீளம், அகலம், உயரம். அதைப் பிடித்துச் சாடி தெரிந்தேன்.

போகும்போது கேட்டார்.

"மருந்து அடிச்சதோ அக்கா?"

"இல்லை."

"ஒண்டும்?"

"ஒரு துளி இல்லை. இவர் தோட்டத்துக்கு அடிக்கிறவர். இந்தப் பக்கம் கொண்டுவர நான் விடுறதில்லை. பூவைப் பிள்ளையள் மணக்குங்கள்."

என் கணவரும் ஓம் என்றார். நான் பொய் சொல்லவில்லை. மருந்துப் போத்தல் ஒன்றும் என் கன்றுப் பக்கம் வந்ததில்லை.

சனிக்கிழமை வரச் சொன்னேன். புதுச் சாடியில் மாற்றி, வடிவாகச் செய்து வைக்கிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கம் புகையிலைத் தோட்டம். என் கணவரும் போடுகிறவர். இலையைக் காயவிட்டுப் பாடம் போட்டுக் கட்டிய பிறகு காம்பும் தூளும் மிஞ்சும். அதை ஒருவரும் எறிவதில்லை. நான் ஒரு நீலப் பிளாஸ்ரிக் பரலில் போட்டுத் தண்ணீர் விட்டு ஊற வைப்பேன். மூன்றாம் நாள் கடும் தேத்தண்ணி நிறத்தில் வரும். துணியில் வடித்துக் கன்றுக்குத் தெளித்தால் மாவு மாதிரி ஒட்டுகிற வெள்ளைப் பூச்சி விழுந்துவிடும், எறும்பு ஏறாது. வளவை விட்டுப் போகிற ஒவ்வொரு கன்றையும் அந்தத் தண்ணீரில் தோய்த்த துணியால் இலைக்கு மேலும் கீழும் துடைப்பேன். சாடி மண்ணில் ஒரு பிடி தூள் கலப்பேன். வாங்குகிறவர் வீட்டுக்கு என் பூச்சி போகக் கூடாது. கன்று விற்கத் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான்.

அந்த நான்கையும் இரண்டு தரம் துடைத்தேன். பல்லி இருக்கிற பெட்டி, பூச்சி போகக் கூடாது என்று.

சனிக்கிழமை வந்தார். பிஸ்கட் பெட்டி ஒன்றில் கன்றுகளை நிமிர்த்தி வைத்து, இடையில் கடதாசி அடைத்தேன். மணம் அவருக்குத் தெரிந்திருக்காது. கொட்டில் நிறையப் புகையிலை தொங்கியது. வளவே அந்த மணம்தான்.

"இதிலை ஒண்டு கிடக்கு அக்கா" என்று போனைப் பார்த்தார். தங்கச்சியின் கணவர் தமிழில் எழுதி அனுப்பியிருந்தார். "வாங்கின கண்டை இலை கழுவி, மண் மாத்தி, ஒரு மாசம் வெளியிலை வைச்சுப்போட்டுத்தான் உள்ளுக்கை வைக்கவேணுமாம். மருந்து அடிச்சிருப்பினமாம்."

"மருந்து அடிச்ச கண்டுக்குத்தானே அது" என்றேன். "இதை இண்டைக்கே வையும்."

அதையும் நான்தான் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தது. நான் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, பல்லி விழுந்திட்டுது."

"எங்கையிருந்து?"

"மருளிலை இருந்து. கால் பிடிக்குதில்லை. நடுங்குது. பச்சை போய்க் கறுத்திட்டுது. வாயாலை தண்ணியா வடியுது."

"செத்திட்டுதோ?"

"இல்லை. இன்னும் இல்லை."

பின்னால் ஒரு பெண் குரல் கத்தியது. "தந்தவவைக் கேளுங்கோவன் என்ன கண்டெண்டு! ஆராய்ஞ்சு ஆராய்ஞ்சு வாங்கின லட்சணம்!"

நான்கையும் மனதில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். மருள். பன்னம். வெள்ளைக் கோட்டுக் கன்று. செவ்வரத்தை. ஒன்றிலும் பிழை தெரியவில்லை. போனில் பார்த்து விளங்குகிற விசயமில்லை.

"நான் வாறன்" என்றேன்.

நான் சீலை மாற்றுவதைக் கண்டு என் கணவர் கேட்டார். "எங்கை வெளிக்கிட்டிட்டாய்?"

"குருநகருக்கு. பல்லிக்கு ஏலாதாம்."

"எனக்குக் காய்ச்சல் வந்தால் பனடோலைப் போட்டுட்டுப் படுங்கோ எண்டுவாய். பல்லிக்குப் பஸ் ஏறுறாய்."

"நீங்கள் சுவராலை விழேல்லைத்தானே" என்றேன். பஸ்ஸைப் பிடித்தேன்.

பட்டினத்தில் இறங்கி ஓட்டோவில் போனேன். கோயிலுக்குப் பின் ஒழுங்கை. சின்ன வீடு, சுத்தமான வீடு. வாசலில் அவருடைய மனைவி கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கத்தியை வைத்துவிட்டு எழும்பினார்.

"வாங்கோ அக்கா. பல்லி பாக்கப் புத்தூரிலை இருந்து ஆள் வருது. இனி எங்கடை வீட்டுக்கும் திருவிழாத்தான்."

வாய் அப்படி. கண் அழுத கண். கை கழுவ என்று என்னைத் தண்ணீர்ப் பைப்படிக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் குரலைக் குறைத்தார்.

"கடலுக்கை எறிவன் எண்டு சொன்னனான்தான். அது வாய். கால் போனதோடை இந்தாள் சுவரைப் பாத்துக்கொண்டு படுத்தது. குளிக்கிறதில்லை, கதைக்கிறதில்லை. உந்தப் பல்லிக்குத் தண்ணி அடிக்கத்தான் கட்டிலை விட்டு எழும்பினது. முதல் பல்லி செத்த கிழமையும் அப்பிடியே திரும்பப் படுத்தது. உதுவும் போனால் எழும்பாது அக்கா."

அவர் இன்னொருக்கால் ஏலாது என்று சொன்னது அப்போதுதான் விளங்கியது.

உள்ளே யன்னலோரம் மேசையில் பெட்டி. அவரே கண்ணாடி வெட்டி ஒட்டியது. மேலே வலை, முன்னால் சின்னக் கதவு. என் கன்றுகள் நான்கும் உள்ளே வடிவாக நின்றன. பல்லி அடியில் கிடந்தது. படத்தில் கண்ட பச்சை இல்லை. நனைந்த மரப்பட்டை நிறம். ஒரு பக்கத்துக் கால்கள் துடித்துக்கொண்டிருந்தன.

"ஞாயிறு நல்லாய்த்தான் நிண்டது" என்றார் அவர். "இலை இலையா நக்கினது. எனக்குச் சந்தோசம். நேற்றுப் பின்னேரம் சோர்ந்துது. வெயிலாக்குமெண்டு நினைச்சன். இன்னும் கொஞ்சம் தண்ணி அடிச்சனான்."

கதவைத் திறந்தார். உள்ளே இருந்த காற்று என் முகத்தில் பட்டது.

அந்த வீட்டில் மீன் மணம், மெழுகுதிரி மணம், கடல் காற்று. அதற்குள் எங்கள் கொட்டில் மணம் வந்தது. என் வீட்டில் அது எனக்கு ஒரு மணமாகத் தெரிந்ததே இல்லை. என் சீலையிலும் இருக்கும், தலையணையிலும் இருக்கும். குருநகரில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து வந்தபோதுதான் தெரிந்தது.

மருள் இலையை விரலால் தடவி நாக்கில் வைத்தேன். காறியது.

"தம்பி, கண்டு எல்லாத்தையும் வெளியிலை எடும்."

"ஏன்?"

"பொயிலைத் தண்ணியாலை துடைச்சனான். மண்ணுக்கையும் தூள் கிடக்கு."

அவர் என்னைப் பார்த்தார். "ஒரு துளியும் இல்லையெண்டனீங்கள்."

"ஓம். அதை நான் ஒரு பொருளா எண்ணேல்லை. என்ரை பிழை."

அவ்வளவுதான் சொன்னேன். புகையிலை வெட்டுக்குப் போன முதல் நாளில் எனக்குத் தலை சுற்றிச் சத்தி வந்தது. வெயிலில் இல்லை, இலையின் ஈரம் கையில் பட்டு. புதிதாக வெட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் வரும். எங்கள் ஊரில் தெரியாதவர் இல்லை. எனக்கும் தெரியும். கன்றைத் துடைத்த கைக்கு அது நினைவில்லை.

மனைவி வாசலில் நின்று கேட்டார். "பொயிலையோ? எங்கடை ஆக்கள் அதைக் கொடுப்புக்கை அடக்கிக்கொண்டுதானே கடலுக்குப் போறவை. அதோ இது?"

"அவை துப்புவினம்" என்றார் அவர். "இது விழுங்கினது."

சாடிகள் நான்கையும் முற்றத்தில் எடுத்து வைத்தோம். பல்லியைத் தூக்க நான் கையை நீட்டினேன்.

"அக்கா, நீங்கள் தொடாதேங்கோ."

கையை எடுத்துக்கொண்டேன். அவர் ஒரு பிளாஸ்ரிக் கோப்பையை மேலே கவிழ்த்து, அடியால் மட்டையைத் தள்ளித் தூக்கினார். இந்த இனத்தின் தோல் பிடித்தால் உரிந்துவிடுமாம். ஐஸ்கிரீம் டப்பாவில் ஈரத் துணி விரித்து அதற்குள் விட்டார். விடும்போது வால் கழன்று விழுந்தது. கழன்ற வால் தனியாகத் துள்ளியது. மனைவி "யேசுவே" என்றார். அவர் வாலைப் பார்க்கவில்லை. பல்லியின் நெஞ்சைத்தான் பார்த்தார். ஏறி இறங்கியது.

மிருக வைத்தியர் ஒருவருக்குப் போன் போட்டார். மாடு, ஆடு, நாய் பார்த்திருக்கிறேன், பல்லி பார்த்ததில்லை என்றாராம் அந்த மனிதர். ஆனாலும் போனை வைக்கவில்லை. எல்லாவற்றையும் விலக்கு, கழுவு, வாயோரம் நல்ல தண்ணீர் துளித் துளியாக வை, நிழலில் விடு, தொந்தரவு செய்யாதே என்றாராம்.

மனைவியும் நானும் பெட்டியை முற்றத்துக்குத் தூக்கினோம். மூன்று தண்ணீரில் கழுவினோம். மூங்கில் தடியை உரஞ்சி வெயிலில் போட்டோம். அவர் கதிரையில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால் ஒரு துளி விடுவதும் பார்ப்பதுமாக இருந்தார். துளி பல்லியின் சொண்டில் நின்றது. வழிந்தது. இன்னொன்று விட்டார். அதுவும் வழிந்தது.

மத்தியானம் எனக்குச் சோறு போட்டார்கள். சாப்பிட்டேன். நாலு மணிக்கு எழும்பினேன்.

"கண்டுகளைக் கொண்டுபோங்கோ அக்கா" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. வீட்டில் இருக்கக் கூடாத சாமானை எடுத்துப்போகச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

நான்கு சாடியையும் அதே பிஸ்கட் பெட்டியில் வைத்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் இருந்த பெண், "வடிவான கண்டு, எங்கை வாங்கினனீங்கள்?" என்று கேட்டார். "வாங்கேல்லை" என்றேன்.

புதன் போன் வரவில்லை. நானும் எடுக்கவில்லை. என் கணவர் இரண்டு தரம் "பல்லி என்ன மாதிரி?" என்று கேட்டார். அந்த இரண்டு தரமும் பகிடி இல்லை.

வியாழன் பத்து மணிக்கு மனைவிதான் எடுத்தார்.

"அக்கா, நக்கிப்போட்டுது."

"என்ன?"

"மாம்பழச் சாறு. சொண்டிலை வைச்சவர். முதல் பேசாமல் கிடந்தது. பேந்து நாக்கை நீட்டிச்சுது. ரெண்டு தரம். இந்தாள் என்னைக் கூப்பிட்டுக் கத்தின சத்தத்திலை பக்கத்து வீட்டுச் சனம் வந்திட்டுது, ஆருக்கோ என்னவோ ஆச்செண்டு."

"அவர் சாப்பிட்டவரோ?"

"இப்பதான் பாண் திண்டவர்."

நிறம் திரும்ப இரண்டு கிழமை எடுத்தது. வால் முளைக்கத் தொடங்கியது. ஆனால் கட்டை, நிறமும் வேறு. இதெல்லாம் மனைவி சொல்லித்தான் தெரியும். அவர் என்னோடு கதைக்கவில்லை. அதை நான் குறையாக நினைக்கவில்லை. பெட்டியில் திரும்பவும் வெறும் தடிதான். திரும்பவும் கண்ணாடியில் தண்ணீர். அதோடு எத்தனை நாள் நிற்கும் என்று தெரியாது. வேறு இடத்தில் கன்று வாங்க அவர் பயந்தார். என்னிடம் வாங்கவும் பயந்தார்.

நான் புதிதாகத் தொடங்கினேன். கொண்டுவந்த நான்கையும் பயன்படுத்தவில்லை. புகையிலை மண்ணில் நின்ற கன்று, எவ்வளவு கழுவினாலும் உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கிணற்றுக்கு அப்பால், கொட்டிலுக்கு எதிர்ப்பக்கம், நான்கு கல் வைத்துப் பலகை போட்டேன். மண்ணை ஒன்றும் பயிரிடாத மூலையிலிருந்து வெட்டினேன். தாய்க் கன்றுகளிலிருந்து பதி வைத்தேன், வேரோடு பிரித்து வைத்தேன். அந்தப் பலகைக்கு என்று தனி வாளி, தனிக் கோப்பை. அங்கே போகுமுன் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவினேன். என் கணவர் வெங்காயத்துக்கு மருந்து அடிக்கிற நாளில் முதலே சொல்ல வேண்டும் என்றேன். சொன்னால் கன்றுகளைத் தூக்கி உள்ளறையில் வைத்துக் கதவைப் பூட்டுவேன்.

"எனக்குக் கட்டில் வெளியிலை. பல்லியின்ரை கண்டுக்கு அறை உள்ளுக்கை" என்றார்.

"ரெண்டு நாளைக்குத்தானே."

"நான் ஒண்டும் சொல்லேல்லை. கண்டு நல்லாய் நித்திரை கொள்ளட்டும்."

மாவு மாதிரி வெள்ளைப் பூச்சி வந்தது. வராமல் இருக்குமா? ஒவ்வொரு நாளும் காலையில் பழைய பல்லுத் தூரிகையும் வெறும் தண்ணீரும் எடுத்து இலை இலையாகத் தட்டினேன். ஒரு துடைப்பில் முடிகிற வேலைக்கு ஒரு மணித்தியாலம் போனது. பன்னம் இரண்டு தரம் செத்தது. மூன்றாம் தரம் பிடித்தது. வெள்ளைக் கோட்டுக் கன்றில் பாதி அழுகியது. பரலைப் பார்க்கிற நேரம் கை அதன் பக்கம் போகும். போகவிடவில்லை.

மற்றக் கன்றுகளுக்கு இப்போதும் புகையிலைத் தண்ணீர்தான். அதை விட்டால் என் வியாபாரம் இல்லை. ஆனால் வாங்குகிறவருக்குச் சொல்கிறேன். பூனை, முயல் வைத்திருக்கிறீர்களா என்று கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். ஒருவர் வாங்காமல் போனார்.

ஐந்தாம் மாதம் நான்கும் தேறின. மனைவிக்குப் போன் எடுத்து, "கண்டு இருக்கெண்டு சொல்லும் பிள்ளை. வரச் சொல்லாதையும்" என்றேன்.

ஒரு கிழமை கழித்து அவர் பஸ்ஸால் இறங்கினார். என் கணவர் கதிரை போட்டார். அவர் இருக்கவில்லை. கிணற்றுக்கு அப்பால் கூட்டிக்கொண்டு போனேன். செய்தது எல்லாவற்றையும் சொன்னேன். மண் எங்கே வெட்டியது, தண்ணீர் எது, பூச்சியை என்ன செய்தேன், மருந்து அடித்த நாட்களில் எங்கே வைத்தேன். செத்த பன்னங்களையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு பொல்லைச் சுவரில் சாத்திவிட்டு, ஒவ்வொரு சாடியாகத் தூக்கி மண்ணை மணந்தார். கடைசியில் மருள் இலையை நாக்கால் தொட்டார். கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றார். எங்கள் வீட்டு ஆடு அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு விட்டுவிட்டார்.

"ஒண்டும் இல்லை" என்றார் அவர்.

"பெட்டி கொண்டுவரட்டோ?"

"இதை மட்டும் கொண்டுபோறன் அக்கா." மருளைக் காட்டினார். "ஒரு மாசம் வெளியிலை வைப்பன். பேந்து உள்ளுக்கை. ஒண்டும் நடக்கேல்லையெண்டால் அடுத்ததுக்கு வாறன்."

"சரி" என்றேன்.

மூன்று மாதம் கழித்து வந்தார். பல்லி மருளில்தான் நாள் முழுக்க நிற்கிறதாம். அன்றைக்குக் கதிரையில் இருந்தார், தேத்தண்ணி குடித்தார், பன்னத்தை எடுத்துக்கொண்டு போனார்.

மற்ற இரண்டும் பலகையில் நிற்கின்றன. செவ்வரத்தை உயர்ந்துவிட்டது. அந்தப் பெட்டிக்கு அடங்காது. முதல் நாள் அவர் தந்த தங்கூசி என்னிடம்தான் இருக்கிறது. உயரத்து முடிச்சுக்கு அளந்து கிள்ளிவிட்டேன். திரும்பத் துளிர்க்கிறது.